ஊருணிக்கரையில் நிற்காத டவுன் பஸ்: ஒரு நிகழ்வு ஆய்வு

செட்டிநாட்டு நகரம் ஒன்றையும் அதைச் சுற்றியுள்ள கிராமங்களையும் இணைக்கும் அரசு நகரப் பேருந்துத் தடம் ஒன்றில் நடந்ததை இங்கே பதிவு செய்கிறேன். சம்பந்தப்பட்டவர்கள் யாருடைய பெயரும், ஊரின் பெயரும், பணிமனையின் பெயரும் வேண்டுமென்றே தவிர்க்கப்பட்டுள்ளன. புகாரைக் கையில் எடுத்த உள்ளூர் நுகர்வோர் குழுவில் இருந்தவன் என்ற முறையில் எழுதுகிறேன். ஒரு நிறுத்தத்தில் பஸ் நிற்காமல் போவது தமிழ்நாட்டில் எங்கும் கேட்கிற புகார்தான். அதற்குச் சொல்லப்படும் வழக்கமான காரணமும், நாங்கள் நேரில் கண்ட காரணமும் வேறு வேறாக இருந்தன. அதனால்தான் இதை எழுதி வைப்பது அவசியம் என்று பட்டது.

பின்னணி

சிவகங்கை, புதுக்கோட்டை மாவட்டங்களில் பரவிக் கிடக்கும் எழுபதுக்கும் மேற்பட்ட ஊர்களைச் சேர்த்துத்தான் செட்டிநாடு என்கிறோம். பெரிய வீடுகள் பலவும் பூட்டிக் கிடக்கின்றன, அல்லது வயதானவர்கள் மட்டும் இருக்கிறார்கள். வீட்டு வேலை, பலகாரக் கடை, ஜவுளிக்கடை, சித்தாள் வேலை, கல்லூரி, ஆஸ்பத்திரி என்று எல்லாவற்றுக்கும் பக்கத்து நகரத்துக்குத்தான் போக வேண்டும். போகிறவர்களில் பாதிக்கு மேல் பெண்கள்.

1972 முதல் தமிழ்நாட்டில் பேருந்துப் போக்குவரத்து படிப்படியாக அரசுக் கழகங்களின் கைக்கு வந்தது. ஆனாலும் இந்தப் பக்கத்தில் தனியார் பேருந்துகள் கூடவே நீடித்தன. ஒரே சாலையில் அரசு வண்டி முன்னால் போகும், சில நிமிடம் விட்டுத் தனியார் வண்டி பின்னால் வரும். தனியார் வண்டியின் நேரம் அதன் பெர்மிட்டிலேயே இருக்கிறது. அதைத் தொட வேண்டுமானால் வட்டாரப் போக்குவரத்து அலுவலகம் வரை போக வேண்டும்.

2021 மே 8 முதல் சாதாரணக் கட்டண நகரப் பேருந்துகளில் பெண்களுக்குக் கட்டணமில்லாப் பயணம் வந்தது. 2023-ல் அதற்கு 'விடியல் பயணம்' என்று பெயரிட்டார்கள். இத்திட்டத்தால் பெண்களுக்கு மாதம் சராசரியாக 888 ரூபாய் மிச்சமாவதாக மாநிலத் திட்டக்குழுவின் ஆய்வு சொன்னது. இந்தத் தடத்திலும் அந்த மிச்சத்தைக் கண்ணால் பார்க்கலாம். முன்பு இரண்டு பேராகச் சேர்ந்து ஷேர் ஆட்டோவில் போனவர்கள், மூன்று கிலோமீட்டர் நடந்தே போனவர்கள், மாதத்துக்கு ஒரு தடவை மட்டும் ஆஸ்பத்திரிக்குப் போய் மொத்தமாகச் சுகர் மாத்திரை வாங்கி வந்தவர்கள் எல்லாரும் பஸ்ஸுக்கு வந்துவிட்டார்கள். இது நல்ல காரியம், இதில் எனக்கு இரண்டாவது கருத்து இல்லை. ஆனால் ஏறுகிறவர்கள் கூடிய அளவுக்கு வண்டியின் ஓட்ட நேரம், அதாவது ஒரு நடைக்குக் கழகம் அனுமதிக்கும் நேரம், கூடவில்லை. இது பிறகுதான் எங்களுக்குத் தெரிந்தது.

புகார்

தடத்தின் கடைசி ஊரில் இரவு தங்கும் ஹால்ட் பஸ், காலையில் இரண்டாவது நடையாக 7.40-க்கு அங்கிருந்து நகரத்துக்குப் புறப்படும். வழியில் நான்கு ரோடு சேரும் பெரிய ஊர் ஒன்று. அங்கே பள்ளிப் பிள்ளைகளும் வேலைக்குப் போகும் பெண்களும் மொத்தமாக ஏறுவார்கள். அதிலிருந்து ஒரு கிலோமீட்டருக்கும் குறைவான தூரத்தில் ஊருணிக்கரை நிறுத்தம். சுற்றியுள்ள இரண்டு மூன்று குடியிருப்புகளுக்கு அதுதான் பஸ் ஏறும் இடம்.

இந்த ஊருணிக்கரையில்தான் 7.40 வண்டி நிற்பதில்லை என்று புகார். சில நாள் கொஞ்ச தூரம் தள்ளி நிற்கும். இளம் பெண்கள் ஓடிப்போய் ஏறிவிடுவார்கள், வயதானவர்கள் நின்றுவிடுவார்கள். பல நாள் அதுவும் கிடையாது. அடுத்த அரசு வண்டி வர ஏறக்குறைய ஒரு மணி நேரம். பின்னால் வரும் தனியார் வண்டியில் காசு கொடுத்துப் போக வேண்டும், இல்லாவிட்டால் வேலைக்குத் தாமதம். வீட்டு வேலைக்குப் போகும் ஒரு அக்கா, வாரத்தில் இரண்டு நாள் தாமதமானதற்காக ஒரு வீட்டு வேலையையே இழந்திருந்தார்.

பெண்களின் பேச்சில் இரண்டு சந்தேகங்கள் இருந்தன. ஒன்று, காசு தராமல் வருகிறோம் என்பதால் மதிப்பதில்லை. "ஓசி டிக்கெட்டுக்கு ஊருக்கு ஊர் நிறுத்தணுமா" என்று ஒரு கண்டக்டர் எல்லார் முன்னாலும் கேட்டதாகப் பலர் சொன்னார்கள். இரண்டாவது, தனியார் வண்டிக்கு ஆள் விடுவதற்காகவே நிற்காமல் போகிறார்கள் என்பது.

மாவட்ட ஆட்சியர் அலுவலகத்தில் திங்கள்கிழமை நடக்கும் மக்கள் குறைதீர்க்கும் நாளில் மனு கொடுத்தார்கள். சில வாரத்தில், 'சம்பந்தப்பட்ட ஓட்டுநர், நடத்துநர்களுக்கு உரிய அறிவுரை வழங்கப்பட்டது' என்று பதில் வந்தது. செக்கிங் இன்ஸ்பெக்டர் ஒருவர் ஊருணிக்கரையில் வந்து நின்ற நாட்களில் பஸ் ஒழுங்காக நின்றது. அவர் வராத நாளில் பழையபடி போய்விட்டது. இந்தக் கட்டத்தில்தான் எங்கள் குழுவிடம் வந்தார்கள்.

கவனித்தது

இரண்டாவது மனுவையும் அதே வாசகத்தில் எழுதிக் கொடுப்பது சுலபம். குழுவில் சிலர் அதைத்தான் சொன்னார்கள். ஆனால் முதல் மனுவுக்குக் கிடைத்த பதிலே மறுபடியும் கிடைக்கும் என்று தெரிந்ததால், என்ன நடக்கிறது என்று பார்த்துவிடுவோம் என்று முடிவு செய்தோம். கல்லூரி மாணவிகள் சிலர் ஊருணிக்கரையில் நின்று குறித்தார்கள். வேறு சிலர் முந்தைய பெரிய ஊரிலேயே ஏறி உள்ளிருந்து பார்த்தார்கள்.

அந்தப் பக்கத்தைச் சேர்ந்த ஓய்வு பெற்ற நடத்துநர் ஒருவர் எங்களுக்குப் பெரிய உதவியாக இருந்தார். மாணவிகளிடம் அவர் சொன்னது: "டிரைவரைப் பார்க்காதீங்கம்மா. ஊருணிக்கரை வர்றப்போ கண்டக்டர் பஸ்ஸுக்குள்ள எங்க நிக்கிறார்னு மட்டும் எழுதிட்டு வாங்க."

எழுதி வந்ததைப் பார்த்தபோது விஷயம் தெளிவாகத் தெரிந்தது. வண்டி நிற்காத நாட்களில், ஊருணிக்கரை வரும்போது கண்டக்டர் வண்டியின் நடுவில் நெரிசலில் மாட்டிக்கொண்டு சீட்டுப் போட்டுக்கொண்டிருந்தார். நிறுத்தத்துக்கு முன்பே இரட்டை விசில் கொடுத்துவிட்டார். நின்ற நாட்களில் சீட்டை முடித்துவிட்டுப் பின்படிக்கு வந்திருந்தார். பள்ளி விடுமுறை நாட்களிலும் சனிக்கிழமைகளிலும் அதே டிரைவரும் கண்டக்டரும் அதே பெண்களுக்காக நிறுத்தினார்கள். சந்தை நாளிலும் முகூர்த்த நாளிலும் எந்த டிரைவர், கண்டக்டர் வந்தாலும் நிறுத்தவில்லை. வெறுப்பினால் நிறுத்தாமல் போகிறவர் சனிக்கிழமையும் நிறுத்தியிருக்க மாட்டார்.

சீட்டும் ஸ்டேஜும்

பஸ்ஸில் தினமும் போகிறவர்களில்கூடப் பலருக்கு இது தெரியாது. டவுன் பஸ் தடம் ஸ்டேஜ் ஸ்டேஜாகப் பிரிக்கப்பட்டிருக்கும், கட்டணம் அதை வைத்துத்தான். ஒரு ஸ்டேஜைக் கடப்பதற்குள் அதுவரை ஏறிய எல்லாருக்கும் சீட்டுக் கொடுத்துக் கணக்கை முடித்தாக வேண்டும். முடிக்காமல் கடந்து, அப்புறம் செக்கர் ஏறிச் சீட்டில்லாத ஆள் ஒருவரைக் கண்டுபிடித்தால் நடத்துநருக்கு மெமோ வரும். சீட்டு மிச்சமிருந்தால் பஸ்ஸை ஓரங்கட்டிச் சீட்டுப் போட்டு முடித்துவிட்டுக் கிளம்பும் வழக்கம் இதனால்தான்.

பெண்களுக்குக் கட்டணம் கிடையாதே தவிர, சீட்டு உண்டு. கட்டணமில்லாச் சீட்டைத் தலைக்கு ஒன்றாகக் கொடுத்தே ஆக வேண்டும். அரசு கழகத்துக்கு ஈடுசெய்யும் தொகைக்கு இந்தப் பயணங்களின் எண்ணிக்கைதான் அடிப்படை. ஆக, முன்பு முப்பது பேர் ஏறிய பெரிய ஊரில் இப்போது அறுபது பேர் ஏறினால், கண்டக்டருக்கு வேலை இரண்டு மடங்கு. பள்ளிப் பிள்ளைகளுக்குப் பாஸ் இருப்பதால் சீட்டு வேண்டாம். ஆனால் அவர்களும் சேர்ந்து நிற்கும் நெரிசலில் பெண்களிடம் போய்ச் சேரவே நேரமாகிவிடுகிறது.

இந்தத் தடத்தில் ஊருணிக்கரை தாண்டிய கையோடு ஸ்டேஜ் மாறுகிறது. பெரிய ஊரில் வண்டி நிரம்பி, ஒரு கிலோமீட்டருக்குள் ஸ்டேஜும் வந்துவிடுகிறது. ஓரங்கட்டிச் சீட்டுப் போடலாமென்றால் பின்னால் தனியார் வண்டி ஹாரன் அடித்துக்கொண்டு நிற்கிறது, நகரத்துக்குத் தாமதமாகப் போனால் அடுத்த நடை பாதிக்கும். ஊருணிக்கரையில் இன்னும் பதினைந்து பேரை ஏற்றினால் சீட்டு முடியவே முடியாது. கண்டக்டர் தன் கண்ணில் எது சின்னத் தப்போ அதைச் செய்கிறார், நிறுத்தாமல் விசில் கொடுக்கிறார். வெயிலில் நிற்கும் பெண்ணுக்கு அது சின்னத் தப்பு இல்லை. ஆனால் மெமோ வராத தப்பு.

பிறகு தகவல் அறியும் உரிமைச் சட்டத்தில் இந்தத் தடத்தின் ஸ்டேஜ் பட்டியலையும், ஒரு நடைக்கு அனுமதிக்கப்பட்ட ஓட்ட நேரத்தையும், அது கடைசியாகத் திருத்தப்பட்ட தேதியையும் கேட்டோம். பதில் வர முப்பது நாள் அவகாசம் முழுவதும் ஆனது. ஓட்ட நேரம் கடைசியாகத் திருத்தப்பட்டது கட்டணமில்லாப் பயணம் வருவதற்குப் பல ஆண்டுகளுக்கு முன்பு என்று அதில் இருந்தது.

தனியார் வண்டிக்கு ஆள் விடுகிறார்கள் என்ற சந்தேகத்துக்கு நாங்கள் பார்த்தவரை ஆதாரம் எதுவும் கிடைக்கவில்லை. மரியாதைக் குறைவான பேச்சு மட்டும் உண்மை. மாணவிகளே அதைத் தங்கள் காதால் கேட்டார்கள். அது ஒரே நடத்துநர். அவருடைய பேச்சுக்கு ஓட்ட நேரம் ஒரு சமாதானம் ஆகாது என்பதில் குழு உறுதியாக இருந்தது. எனவே அந்தப் புகாரைத் தனிக் கடிதமாகப் பிரித்தோம். இரண்டையும் ஒரே மனுவில் எழுதியிருந்தால் மறுபடியும் 'அறிவுரை வழங்கப்பட்டது' என்ற ஒரே வரியில் இரண்டும் முடிந்திருக்கும்.

எடுத்த முடிவுகள்

போக்குவரத்துக் கழகத்தின் கிளை மேலாளரைப் போய்ப் பார்த்தோம். முதலில் கொஞ்சம் இறுக்கமாகத்தான் இருந்தார். ஊழியர்மேல் நடவடிக்கை கேட்டு வந்திருக்கிறோம் என்று நினைத்திருக்கலாம். ஸ்டேஜ் பட்டியலையும் மாணவிகளின் குறிப்பேட்டையும் மேசையில் வைத்ததும் பேச்சு மாறியது. அவரே டைம் கீப்பரையும், அந்தத் தடத்தில் ஓடும் ஒரு நடத்துநரையும் கூப்பிட்டார். அந்த நடத்துநர் சொன்னது இது: "நானும் அந்தப் பக்கத்து ஆள்தாண்ணே. எங்க சின்னம்மாவே ஊருணிக்கரையிலதான் நிக்கிறாங்க. நிறுத்தாமப் போறது எனக்கும் சங்கடமாத்தான் இருக்கு."

பல வழிகள் பேசப்பட்டன. கூடுதல் பஸ் விடுவதுதான் பெண்கள் கேட்டது. வண்டியும் இல்லை, ஆளும் இல்லை என்றார் மேலாளர். நிறுத்தத்தைப் பெரிய ஊரோடு சேர்த்துவிடலாம் என்று ஒரு யோசனை வந்தது. நாங்கள் ஒப்புக்கொள்ளவில்லை. மூட்டு வலியோடு ஒரு கிலோமீட்டர் நடக்கச் சொல்வது ஆஸ்பத்திரிக்குப் போகிறவர்களைப் பஸ்ஸிலிருந்து இறக்கிவிடுவதற்குச் சமம்.

கடைசியில் முடிவானது: 7.40 நடையைச் சில நிமிடம் முன்கூட்டியே கிளப்புவது, கிடைக்கும் நிமிடங்களைப் பெரிய ஊரில் வண்டி நிற்கும் நேரமாகச் சேர்ப்பது. பத்து நிமிடம் கேட்டோம். முன்னால் போகும் இன்னொரு தனியார் வண்டியின் நேரத்தோடு மோதும் என்பதால் ஏழு நிமிடம்தான் கிடைத்தது. கடைசி ஊரில் வண்டி கிளம்புவதற்கு முன்பே ஏறியவர்களுக்குச் சீட்டுப் போட்டு முடித்துவிட வேண்டும். பெரிய ஊரில் பாஸ் வைத்திருக்கும் பிள்ளைகள் முன்படியிலும் மற்றவர்கள் பின்படியிலும் ஏற வேண்டும். கண்டக்டர் கீழே இறங்கி நின்று பின்படியில் ஏறுகிறவர்களுக்கு அங்கேயே சீட்டுக் கொடுப்பார். பள்ளித் தலைமையாசிரியரிடம் பேசி, முதல் சில நாட்கள் ஓர் ஆசிரியர் வந்து பிள்ளைகளை ஒழுங்குபடுத்தினார்.

ஊருணிக்கரையில் வேகத்தடைக்கு அப்பால் இருந்த நிறுத்தம் வேகத்தடைக்கு முன்பாகக் கொண்டுவரப்பட்டது. வேகத்தடைக்காக எப்படியும் வண்டி மெதுவாகும், நிறுத்துவதும் ஏறுவதும் சுலபம். ஊராட்சி பலகையை மாற்றி நட்டுக் கொடுத்தது. செலவு இல்லாத இந்த வேலையை யாரும் முன்பே ஏன் செய்யவில்லை என்று எனக்கு ஆதங்கமாகத்தான் இருந்தது.

ஸ்டேஜை மாற்றச் சொல்லிக் கேட்டது நடக்கவில்லை. அது கட்டணத்தோடு சம்பந்தப்பட்டது, கிளை அளவில் முடிவெடுக்க முடியாது என்றார்கள்.

பிறகு நடந்தது

முதல் வாரம் குழப்பம். நேரம் மாறியது உள்ளே தள்ளியிருந்த குடியிருப்புகளுக்குத் தெரியவில்லை. பஸ்ஸைத் தவறவிட்டவர்களில் பெரும்பாலோர் எந்தப் பெண்களுக்காக மாற்றினோமோ அவர்களே. பிள்ளைக்குச் சோறு கட்டிக் கொடுத்து, தண்ணீர் பிடித்து வைத்துவிட்டுக் கிளம்புகிறவருக்கு ஏழு நிமிடம் என்பது பெரிய நேரம். மாணவிகள் வீடு வீடாகப் போய்ச் சொன்னார்கள், ரேஷன் கடையில் எழுதி ஒட்டினார்கள்.

அதன்பின் சாதாரண நாட்களில் ஊருணிக்கரையில் வண்டி தவறாமல் நின்றது. செக்கர் யாரும் வந்து நிற்கவில்லை, அப்படியும் நின்றது. கீழே நின்று சீட்டுப் போடும் முறையை முதலில் முணுமுணுத்த நடத்துநர்களே பிறகு, பெரிய ஊரைத் தாண்டும்போது கை சும்மா இருக்கிறது என்று சொன்னார்கள். மரியாதையில்லாமல் பேசியவர் கிளை மேலாளரின் விசாரணைக்குப் பின் வேறு தடத்துக்கு மாற்றப்பட்டார். அங்கே இருக்கும் பெண்களிடம் எப்படிப் பேசுகிறார் என்ற கவலை எனக்கு இன்னும் உண்டு. தடத்தை மாற்றுவது இதற்குத் தீர்வு அல்ல.

சந்தை நாளிலும் பெரிய முகூர்த்த நாளிலும் இன்னும் நிற்பதில்லை. அன்றைக்கு வண்டியில் உண்மையிலேயே இடம் இல்லை.

எதிர்பாராத சிக்கல் இரவில் வந்தது. அப்போது நடைமுறையில் இருந்த மோட்டார் போக்குவரத்துத் தொழிலாளர் சட்டம் 1961-ன்படி வேலை நேரம் நாளுக்கு எட்டு மணி, வாரத்துக்கு நாற்பத்தெட்டு மணி என்று இருந்தது. காலையில் கூட்டிய நிமிடங்களை எங்காவது குறைக்க வேண்டியிருந்தது. கிளையில் இரவின் கடைசி நடையில் கை வைத்தார்கள். இரவு ஒன்பது மணிக்கு நகரத்திலிருந்து கிளம்பும் வண்டி கடைசி ஊர் வரை போகாமல், பெரிய ஊரோடு திரும்பத் தொடங்கியது. ஹால்ட் பஸ்ஸும் அங்கேயே நின்றது, காலையில் அங்கிருந்து காலியாகக் கடைசி ஊருக்குப் போனது. ஜவுளிக்கடையில் கடை அடைக்கும் வரை நின்று வேலை பார்க்கும் பெண்கள், இருட்டில் மிச்ச தூரத்துக்கு அண்ணனையோ அப்பாவையோ டூ வீலரோடு வரச்சொல்ல வேண்டியதாயிற்று. கூட்டிப்போக ஆள் இல்லாத ஒரு பெண் கடை வேலையை விட்டுவிட்டார். காலைப் பயணிகளைச் சேர்த்துக் கூட்டம் போட்டுப் பேசியபோது, இரவுப் பயணிகள் யாரும் அந்தக் கூட்டத்தில் இல்லை. அவர்கள் அந்த நேரத்தில் கடையில் இருந்தார்கள்.

அக்டோபர் 2 கிராம சபையில் இதைத் தீர்மானமாக வைத்தார்கள். கிளையோடு மறுபடி பேசி, மதியம் ஆள் குறைவாக ஓடிய ஒரு நடையை நிறுத்திவிட்டு இரவு நடையைக் கடைசி ஊர் வரை நீட்டினார்கள். மதிய நடையில் போய்க்கொண்டிருந்த சிலருக்கு, பெரும்பாலும் வயதானவர்களுக்கு, இப்போது ஒரு மணி நேரம் கூடுதலாகக் காத்திருக்க வேண்டியிருக்கிறது. வேலையை விட்ட பெண் திரும்பச் சேரவில்லை.

மாற வேண்டியவை

இந்தத் தடத்தில் பயணிகளிடம் கருத்துக் கேட்டிருந்தால் நல்ல மதிப்பெண்ணே வந்திருக்கும். பஸ்ஸுக்குள் இருக்கிறவர்களிடம்தான் கேட்போம், அவர்களுக்கு இடம் கிடைத்துவிட்டது. ஊருணிக்கரையில் நின்றவர்கள் எந்தக் கணக்கிலும் வரவில்லை. எத்தனை பேர் ஏறினார்கள் என்பது சீட்டு இயந்திரத்தில் தெரிகிறது. எந்த நிறுத்தத்தில் ஏற்ற முடியாமல் விட்டோம் என்பதையும் நடத்துநர் குறித்துக் கொடுக்க ஓர் இடம் வேண்டும், அதைக் குறித்ததற்காக அவருக்கு மெமோ வரக்கூடாது. மறைக்க வேண்டிய விஷயமாக இருக்கும் வரை யாரும் எழுத மாட்டார்கள்.

2021 மே மாதத்துக்குப் பிறகு ஓட்ட நேரம் திருத்தப்படாத தடங்கள் வேறு இருந்தால் அங்கேயும் இதே கதை நடந்துகொண்டிருக்கும். புகார் வந்த பின் ஒவ்வொரு தடமாகப் பார்ப்பதற்குப் பதில், கிளைகளே தங்கள் ஸ்டேஜ் பட்டியலை எடுத்து, அதிகம் பேர் ஏறும் நிறுத்தத்தை அடுத்து உடனே ஸ்டேஜ் மாறும் இடங்களைக் குறித்தால் போதும். பெரும்பாலான 'நிற்காத' நிறுத்தங்கள் அங்கேதான் இருக்கும் என்பது அந்த ஓய்வு பெற்ற நடத்துநரின் கணிப்பு. இந்தத் தடத்தில் பார்த்ததை வைத்து நானும் அதை ஏற்கிறேன்.

நேரத்தை மாற்றும் முன் அந்த வண்டியும் அதே ஊழியரும் அன்றைக்கு ஓட்டும் எல்லா நடைகளின் பயணிகளிடமும் பேச வேண்டும். இரவு வண்டிக்காரர்களிடம் இரவு வண்டியில் ஏறித்தான் பேச முடியும்.

படியின் உயரத்தைப் பற்றி ஒன்று. கண்டக்டர் கீழே நின்று சீட்டுப் போடத் தொடங்கிய பிறகு, வயதானவர்கள் ஏறுவதற்கு எவ்வளவு நேரமாகிறது என்பது அவர் கண் முன்னாலேயே தெரிந்தது. கையைப் பிடித்து ஏற்றிவிடுகிறார்கள். ஆனால் அது ஊழியரின் நல்ல மனசைப் பொறுத்த விஷயமாக இருக்கக்கூடாது. மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம் 2016 போக்குவரத்தை எல்லாரும் அணுகும்படி செய்யச் சொல்கிறது. தாழ்தளப் பேருந்துகள் பெருநகரத்தோடு நின்றுவிடாமல் இந்த மாதிரித் தடங்களுக்கும் வர வேண்டும்.

தைப்பூசத்துக்குக் குன்றக்குடியிலிருந்து பழநிக்குக் கிளம்பும் நகரத்தார் பாதயாத்திரை சமயத்திலும், சந்தை நாட்களிலும் பெரிய ஊரிலிருந்து நகரத்துக்கு ஒரே ஒரு கூடுதல் நடை விடச் சொல்லிக் கடிதம் கொடுத்திருக்கிறோம். ஸ்பேர் வண்டி இருந்தால் பார்க்கலாம் என்று வாய்வழியாகச் சொன்னார்கள், எழுத்தில் பதில் வரவில்லை. மார்கழி முடிவதற்குள் மறுபடி போய்ப் பார்ப்பதாக இருக்கிறோம். இந்த முறை ஜவுளிக்கடைப் பெண்கள் இரண்டு பேரும் எங்களோடு வருகிறார்கள்.